சர்க்கரை வியாதிக்குப் பேரேடு எழுதிய டாக்டர்

அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆக்ஸ்போர்டு என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. இங்கிலாந்தில் உள்ள பல்கலைக்கழக நகரம் வேறு, இது வேறு.

அந்த ஊரின் அகலமான தெரு ஒன்றில் மூன்று வீடுகள் அடுத்தடுத்து இருந்தன. அந்த வீடுகளில் ஒருவர் பின் ஒருவராகக் குடியிருந்த குடும்பத் தலைவர்கள் மொத்தம் 7 பேர். பெண்கள் 4 பேர், ஆண்கள் 3 பேர். இந்த 7 பேரில் ஒரே ஒருவரைத் தவிர மற்ற 6 பேரையும் சர்க்கரை வியாதி கொண்டு போய் விட்டது.

ஒரே தெருவில் 6 பேர் டைபாய்டு காய்ச்சலில் இறந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? சுகாதார அதிகாரிகள் ஓடி வந்திருப்பார்கள். குடிதண்ணீரைச் சோதித்திருப்பார்கள். பத்திரிகைகளில் செய்தி வந்திருக்கும். ஆனால் இந்த 6 சாவுகளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சர்க்கரை வியாதி தொற்று நோய் அல்ல. அது அவரவர் தலைவிதி என்று ஊர் இருந்து விட்டது.

இதைக் கவனித்து, 1921-ம் ஆண்டில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் பத்திரிகையில் எழுதியவர் அதே ஊரில் பிறந்த ஒரு டாக்டர். அவர் பெயர் எலியட் ஜோஸ்லின். சர்க்கரை வியாதியை எண்ண வேண்டும், எழுதி வைக்க வேண்டும், தடுக்கப் பார்க்க வேண்டும் என்று அவர் வாதாடினார். அப்போது இன்சுலின் மருந்து நடைமுறைக்கு வரவில்லை.

முதல் நோயாளி

ஜோஸ்லின் 1869-ம் ஆண்டு ஜூன் 6-ந்தேதி பிறந்தார். காந்தியடிகள் பிறந்த அதே ஆண்டு. தந்தை காலணித் தொழிற்சாலை வைத்திருந்தவர். தாய் வழியிலும் சொத்து உண்டு. சம்பாத்தியத்துக்காக டாக்டர் தொழிலுக்கு வர வேண்டிய நிலையில் ஜோஸ்லின் இல்லை.

யேல் கல்லூரியில் படித்து 1890-ல் பட்டம் பெற்றார். அவர் மாணவராக இருந்த காலத்தில் உறவுப் பெண்மணி ஒருவருக்குச் சர்க்கரை வியாதி கண்டது. டாக்டர்கள் செய்யக்கூடியது எதுவும் இல்லை. அவர் இறந்து போனார். அந்தச் சாவு இளைஞர் மனதில் பதிந்தது. பிறகு ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1895-ல் வகுப்பில் முதல்வராகத் தேறி டாக்டர் ஆனார்.

அதற்கு முன்பே, 1893-ல், மாணவராக இருந்தபோதே ஒரு காரியம் செய்தார். பாஸ்டன் பெரிய ஆஸ்பத்திரியில் அயர்லாந்து நாட்டு இளம்பெண் ஒருத்தி படுத்திருந்தாள். பிழைப்பு தேடிக் கடல் கடந்து வந்து வீட்டு வேலை செய்து கொண்டிருந்தவள். அவளுக்குச் சர்க்கரை வியாதி. ஜோஸ்லின் ஒரு நோட்டை எடுத்தார். அவள் பெயர், வயது, எடை, உணவு, சிறுநீரில் போன சர்க்கரை எல்லாவற்றையும் குறித்துக் கொண்டார். எண் 1 என்று போட்டார்.

அந்தப் பேரேடு அதன் பிறகு நிற்கவே இல்லை. அவர் காலமாகும் வரை நீண்டது. சுமார் 80 தொகுதிகள் ஆயிற்று.

கணக்கு முடியாத பேரேடு

ஆபீசில் பேரேடு எழுதுகிறவர்களுக்கு ஒன்று தெரியும். வரவை மட்டும் எழுதினால் போதாது. ஐந்தொகை சரிக்கட்டும் வரை விடக்கூடாது. அந்தக் காலத்து டாக்டர்கள் பலர் நோயாளி ஆஸ்பத்திரியில் இருக்கும் வரையில்தான் குறிப்பு எழுதினார்கள். அவர் வீடு திரும்பியதும் தாளைக் கட்டி அலமாரியில் போட்டு விடுவார்கள்.

ஜோஸ்லின் அப்படி விடவில்லை. வீடு போன நோயாளிக்குக் கடிதம் எழுதுவார். எப்படி இருக்கிறார், எடை என்ன, கண் தெரிகிறதா என்று கேட்பார். பதில் வராவிட்டால் வீட்டாருக்கு எழுதுவார். இறந்து விட்டார் என்றால் எந்தத் தேதியில், எதனால் என்று கேட்டு அதையும் பேரேட்டில் ஏற்றுவார். பிற்காலத்தில் மெட்ரோபாலிட்டன் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனியின் புள்ளிவிவர நிபுணர்கள் இந்தக் கணக்குகளைக் கூட்டிக் கழித்துப் பார்க்க உதவினார்கள். எந்த வயதில் நோய் வந்தவர் எத்தனை ஆண்டு உயிரோடு இருந்தார் என்பது முதல் தடவையாகத் தெளிவாகத் தெரிய வந்தது.

சர்க்கரை வியாதி ஆராய்ச்சி என்றால் சோதனைச் சாலையில் நாயையும் முயலையும் வைத்துச் செய்வது என்று எல்லோரும் எண்ணிய காலம் அது. வீட்டில் நோயாளி என்ன சாப்பிடுகிறார், எப்படி நடந்து கொள்கிறார் என்பதும் ஆராய்ச்சிதான் என்று ஜோஸ்லின் கருதினார். அவர் செய்த பெரிய காரியம் இதுதான் என்று சொல்ல வேண்டும்.

பெற்ற தாய்க்கும் அதே நோய்

1898-ல் பாஸ்டனில் தனியாக வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். சிறிது காலத்துக்குள் பேரேட்டில் ஒரு பெயரை எழுத வேண்டி வந்தது. அது அவருடைய தாயின் பெயர்.

அப்போது தாய்க்கு வயது கூடியிருந்தது. வயதானவர்களுக்கு வரும் சர்க்கரை வியாதி மெதுவாகப் போகும். சிறு பிள்ளைகளுக்கு வருவது வேறு. அது சில மாதங்களிலேயே ஆளை முடித்து விடும். இந்த இரண்டும் வேறு வேறு வகை என்பது அந்த நாளில் டாக்டர்களுக்கே சரியாகத் தெரியாது.

ஜோஸ்லின் தாய்க்குக் கடுமையான பத்தியம் வைத்தார். மாவுப் பண்டங்களைக் குறைத்தார். அன்னை அதைத் தவறாமல் கடைப்பிடித்தார். நோய் கண்ட பிறகு 13 ஆண்டுகள் உயிரோடு இருந்தார். வாய்க்கட்டு ஆயுளைக் கூட்டும் என்ற உறுதி ஜோஸ்லினுக்கு இங்கேதான் பிறந்தது. அது அசையாத உறுதி. சில சமயம் அளவுக்கு மீறிய உறுதி.

பட்டினி வைத்தியம்

நாம் உண்ணும் சோறு, ரொட்டி எல்லாம் வயிற்றில் சர்க்கரையாக மாறி ரத்தத்தில் கலக்கின்றன. அந்தச் சர்க்கரையை உடல் பயன்படுத்திக் கொள்ள, கணையம் என்ற உறுப்பில் சுரக்கும் இன்சுலின் வேண்டும். இன்சுலின் இல்லாவிட்டால் சர்க்கரை ரத்தத்தில் தேங்கி சிறுநீரில் வழிந்து போகும். தின்றும் உடம்பில் ஒட்டாது. கடைசியில் நோயாளி மயக்கத்தில் ஆழ்ந்து, கண் விழிக்காமலே இறந்து விடுவார். ஜோஸ்லினின் பேரேட்டில் முதல் பதினைந்து ஆண்டுக் கணக்கைப் பார்த்தால், இறந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்த மயக்கத்தில் போனவர்கள்தான்.

1914-ம் ஆண்டு வாக்கில் பிரடெரிக் ஆலன் என்ற டாக்டர் ஒரு முறையைக் கொண்டு வந்தார். சிறுநீரில் சர்க்கரை நிற்கும் வரை நோயாளியைப் பட்டினி போடுவது. பிறகு மிகக் கொஞ்சமாக உணவு கொடுப்பது. காய்கறியைக்கூட மூன்று தடவை வேக வைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு, சத்தெல்லாம் போன சக்கையைத் தின்னக் கொடுப்பார்கள். ஜோஸ்லினும் இந்த முறையைக் கையாண்டார்.

குழந்தைகள் எலும்பும் தோலுமாக ஆனார்கள். பசியால் அழுதார்கள். ஆனால் ஓராண்டில் சாக வேண்டிய சிறுவன் இரண்டு, மூன்று ஆண்டு இருந்தான். இது வாழ்வா என்று கேட்ட டாக்டர்களும் உண்டு. ஜோஸ்லின் சொன்ன பதில், உயிர் இருந்தால் நாளை ஏதாவது மருந்து வரலாம் என்பதுதான். 1922-ல் அது உண்மையாயிற்று. அதுவரை தாக்குப் பிடித்தவர்கள் பிழைத்தார்கள். ஒரு மாதம் முந்தி இறந்த பிள்ளைகளின் பெற்றோருக்கு அதனால் என்ன ஆறுதல்?

இதற்கிடையே 1916-ல் தம்முடைய 1,000 நோயாளிகளின் வரலாற்றை வைத்துச் சர்க்கரை வியாதி சிகிச்சை பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். இரண்டு ஆண்டு கழித்து, 1918-ல், இன்னொரு சிறிய நூல் வெளியிட்டார். இது டாக்டருக்கு மட்டும் அல்ல, நோயாளிக்கும் சேர்த்து எழுதியது. நோயாளி தன் நோயைப் பற்றிப் படிப்பதா என்று புருவத்தை உயர்த்தியவர்கள் இருந்தார்கள். அவர் உயிரோடு இருந்த காலத்திலேயே அது 10 பதிப்புகள் கண்டது.

இன்சுலின் வந்தது

கனடா நாட்டில் டொரண்டோ நகரில் பேண்டிங்கும் பெஸ்ட்டும் 1921-ல் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் முதல் நோயாளிக்குப் போட்டார்கள். மருந்து மிகக் குறைவாகவே கிடைத்தது. பொறுக்கி எடுத்த சில டாக்டர்களுக்கு மட்டும் அனுப்பினார்கள். அவர்களில் ஜோஸ்லின் ஒருவர்.

1922 ஆகஸ்ட் 7-ந்தேதி அவர் தம் முதல் இன்சுலின் ஊசியை ஒரு நர்சுக்குப் போட்டார். ஐந்து ஆண்டாக நோயோடு போராடி, உருக்குலைந்து, பல மாதங்களாக வீட்டை விட்டு வெளியே வராதிருந்த பெண் அவர். சில வாரங்களில் எழுந்து மைல் கணக்கில் நடந்தார். உலர்ந்த எலும்புகள் உயிர் பெற்று எழுந்ததாக பைபிளில் வரும் காட்சியை ஜோஸ்லின் நினைத்துக் கொண்டாராம்.

உலகம் முழுவதும் கொண்டாடியது. சர்க்கரை வியாதி தீர்ந்தது என்று பத்திரிகைகள் எழுதின.

தீரவில்லை. இன்சுலின் நோயைக் குணப்படுத்தாது. ஊசி போட்ட சில மணி நேரத்துக்குத்தான் வேலை செய்யும். தினமும் இரண்டு, மூன்று தடவை போட வேண்டும். ஆயுள் முழுவதும் போட வேண்டும். கூடிப் போனால் சர்க்கரை இறங்கி, வியர்த்து, நடுங்கி, ஆள் விழுந்து விடுவார். குறைந்தால் பழைய மயக்கம். சாப்பாட்டுக்குத் தக்கபடி ஊசி, ஊசிக்குத் தக்கபடி சாப்பாடு, நடைக்குத் தக்கபடி இரண்டும்.

இதை யார் செய்வது? தினமும் மூன்று வேளை டாக்டர் வீட்டுக்கு வர முடியுமா?

ஆஸ்பத்திரியில் ஒரு பள்ளிக்கூடம்

மற்ற டாக்டர்கள் மருந்தைப் பார்த்தார்கள். ஜோஸ்லின் மருந்து போடப் போகும் கையைப் பார்த்தார். நோயாளிதான் இனி டாக்டர் என்று முடிவு செய்தார்.

பாஸ்டனில் உள்ள டீக்கனஸ் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு வகுப்பு நடத்தினார். ஊசியைக் கொதிக்க வைப்பது எப்படி, மருந்தை அளந்து எடுப்பது எப்படி, எந்த இடத்தில் குத்துவது, சர்க்கரை இறங்கினால் என்ன அறிகுறி, சட்டைப் பையில் என்ன வைத்துக் கொள்ள வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். ரொட்டியைத் தராசில் நிறுக்கப் பழக்கினார்கள். படிப்பு குறைந்தவர்களும் கற்றுக் கொண்டார்கள். வீடு திரும்பும் முன் தன் கையால் ஊசி போட்டுக் காட்ட வேண்டும்.

வீட்டில் சோதிக்க ஒரு கருவியும் இருந்தது. பரிசோதனைக் குழாயில் பெனடிக்ட் கரைசலை ஊற்றி, சில சொட்டு சிறுநீர் விட்டுக் கொதிக்க வைக்க வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள் என்றால் கூடுதல். செங்கல் நிறம் வந்தால் ஆபத்து. நிறத்தைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். அடுப்பும் ஒரு குழாயும் இருந்தால் போதும், சமையல் கட்டே சோதனைச் சாலை. இன்று நம் ஊர்களில் வயதானவர்கள் சிலருக்கும் இந்த நீலக் கரைசல் நினைவிருக்கும்.

நர்சுகளை ஜோஸ்லின் நம்பியது போல அந்தக் காலத்தில் வேறு டாக்டர்கள் நம்பினார்களா என்பது சந்தேகமே. இந்த நோய்க்கு என்றே பயிற்சி பெற்ற நர்சுகளை வீடுகளுக்கு அனுப்பினார். அவர்கள் சமையல் அறைக்குள் போவார்கள். அடுக்கில் என்ன இருக்கிறது என்று பார்ப்பார்கள். தாய்க்கும் பாட்டிக்கும் சமையலைச் சொல்லிக் கொடுப்பார்கள். பத்தியம் முறிவது ஆஸ்பத்திரியில் அல்ல, வீட்டில் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இன்று உலகம் முழுவதும் சர்க்கரை வியாதிக் கல்வி தருகிறவர்கள் என்று ஒரு தனி உத்தியோகமே இருக்கிறது. அதன் மூலம் இந்த நர்சுகள்தான்.

உணவு, உடற்பயிற்சி, இன்சுலின் ஆகிய மூன்றையும் ஒரே ரதத்தில் பூட்டிய மூன்று குதிரைகள் என்று சொல்வது அவர் வழக்கம். ஓட்டுகிறவர் நோயாளி.

காலுக்கு ஒரு தனி அறை

இன்சுலின் வந்த பிறகு பேரேடு புதிய செய்தி சொல்லத் தொடங்கியது. மயக்கத்தில் இறப்பவர்கள் நூற்றுக்குச் சிலர் என்ற அளவுக்குக் குறைந்து போனார்கள். ஆனால் பத்து, பதினைந்து ஆண்டு உயிரோடு இருந்தவர்களுக்குக் கண் மங்கியது. சிறுநீரகம் கெட்டது. இருதய நோய் வந்தது. கால் அழுகியது. முன்பு இந்தத் தொல்லைகள் வரும் அளவுக்கு இளம் நோயாளிகள் யாரும் உயிரோடு இருந்ததில்லை!

கால் அழுகலை அவர் தனியாக எடுத்துக் கொண்டார். நரம்பு மரத்துப் போவதால் காலில் முள் குத்தினாலும், பூட்ஸ் கடித்தாலும் நோயாளிக்குத் தெரியாது. புண் ஆறாது. பிறகு காலையே எடுக்க வேண்டி வரும். இது கடவுள் கொடுத்த தண்டனை அல்ல, கவனக்குறைவால் வருவது என்று அவர் எழுதினார். ஆஸ்பத்திரியில் கால்களைப் பராமரிக்க என்றே ஓர் இடம் ஒதுக்கினார். தினமும் காலைக் கழுவித் துடைத்து, விரல் இடுக்கு வரை பார்க்க வேண்டும். வெறுங்காலுடன் நடக்கக் கூடாது. புதுச் செருப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுப் பழக்க வேண்டும் என்பவை பாடங்கள். காலணி முதலாளியின் மகன் காலுக்குக் காவலராக ஆனார் என்று சொல்லலாம்.

அவரிடம் சேர்ந்து உழைத்தவர்களில் முக்கியமானவர் டாக்டர் பிரிசில்லா ஒயிட் என்ற பெண்மணி. 1924-ல் வந்தார். சர்க்கரை வியாதி உள்ள பெண் பிள்ளை பெறக் கூடாது என்று டாக்டர்கள் தடுத்து வந்த காலம். அவரோ தடுக்காமல், கூடவே இருந்து பார்த்துக் கொண்டார். அவர் தொடங்கியபோது ஏறக்குறைய பாதிக் குழந்தைகள்தான் பிழைத்தன. 1974-ல் அவர் ஓய்வு பெற்ற சமயம் நூற்றுக்கு 90-க்கு மேல் பிழைத்தன.

1932-ல், செஞ்சிலுவைச் சங்கத்தை அமெரிக்காவில் நிறுவிய கிளாரா பார்ட்டன் அம்மையார் பிறந்த இடத்தில், சர்க்கரை வியாதி உள்ள சிறுமிகளுக்குக் கோடை முகாம் தொடங்கியது. அந்த இடம் ஜோஸ்லின் பிறந்த ஆக்ஸ்போர்டு வட்டாரத்திலேயே இருக்கிறது. 1948-ல் பையன்களுக்கு இன்னொரு முகாம். பள்ளியில் தான் ஒருவன் மட்டும் ஊசி போடுகிறவன் என்று குன்றிப் போன பிள்ளை, முகாமில் எல்லோரும் வரிசையில் நின்று ஊசி போடுவதைப் பார்த்தான். வகுப்பில் பாடம் கேட்பதை விட இது மேல்.

சொந்த ஊரில் கணக்கெடுப்பு

இரண்டாவது உலகப்போர் முடிந்ததும், 1946, 1947-ம் ஆண்டுகளில் அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் துறை ஒரு ஊரைத் தேர்ந்தெடுத்தது. வீடு வீடாகச் சோதனை செய்து, சர்க்கரை வியாதி எத்தனை பேருக்கு இருக்கிறது என்று பார்ப்பதற்காக. தேர்ந்தெடுத்த ஊர் ஆக்ஸ்போர்டு.

ஊரின் ஜனத்தொகை 4,983. சோதனைக்கு வந்தவர்கள் 3,516 பேர். நோய் உள்ளவர்கள் 70 பேர். அவர்களில் 40 பேருக்குத் தமக்கு நோய் இருப்பது முன்பே தெரியும். 30 பேருக்குத் தெரியாது.

அதாவது தெரிந்தவர் நாலு பேர் என்றால், தெரியாமல் நடமாடுகிறவர் மூன்று பேர். 25 ஆண்டுக்கு முன் மூன்று வீடுகளைக் காட்டி ஜோஸ்லின் எழுப்பிய கூக்குரல் வெறும் பயமுறுத்தல் அல்ல என்று ஆயிற்று. அதன் பிறகு இத்தகைய கணக்கெடுப்புகள் பல நாடுகளில் நடந்தன. தெரியாமல் நோய் உள்ளவர்களின் எண்ணிக்கை எங்கும் எல்லோரையும் திடுக்கிட வைத்தது.

தீராத சண்டை

எல்லா டாக்டர்களும் ஜோஸ்லினை ஏற்றுக் கொள்ளவில்லை. நியூயார்க்கில் எட்வர்டு டால்ஸ்டாய் என்ற டாக்டரும் அவரைச் சேர்ந்தவர்களும் வேறு கட்சி. நோயாளியைத் தராசும் குழாயும் வைத்து வதைக்க வேண்டாம். இன்சுலின் போட்டு, எடை குறையாமல், தாகம் இல்லாமல் இருந்தால் போதும். சிறுநீரில் கொஞ்சம் சர்க்கரை போனால் என்ன என்றார்கள் அவர்கள். மற்றவர்கள் சாப்பிடுவதையே நோயாளியும் சாப்பிடட்டும் என்பது அவர்கள் வாதம்.

ஜோஸ்லின் கொதித்தார். ரத்தத்தில் சர்க்கரையை அடக்கி வைத்தால்தான் பிற்காலத்தில் கண்ணும் சிறுநீரகமும் தப்பும் என்றார். தம் பேரேடுகளைக் காட்டினார். எதிர்க்கட்சி மடங்கவில்லை. கட்டுப்பாடாக இருந்தவர்களுக்கும் கண் போயிருக்கிறதே என்றார்கள். அது பொய் அல்ல. யாருக்குச் சர்க்கரை உண்மையிலேயே கட்டுப்பாட்டில் இருந்தது என்று பின்னோக்கி அளக்கக் கருவியும் அன்று இல்லை.

ஜோஸ்லினின் கண்டிப்புக்கு ஒரு மறுபக்கம் இருந்தது. அவர் பழமையான மதப் பற்று உள்ள குடும்பத்தில் வந்தவர். ஒழுங்காக இருப்பவனுக்கு நல்லது நடக்கும் என்ற நினைப்பு அவர் வைத்தியத்திலும் ஏறியது. சோதனையில் செங்கல் நிறம் வந்தால் நோயாளி குற்றவாளியைப் போல டாக்டர் முன் நின்றார். பயந்து நோட்டில் பொய் நிறம் எழுதியவர்கள் எந்த ஊரிலும் உண்டு. பத்தியம் காத்தும் கண் இழந்தவர், எங்கே தவறினோம் என்று தன்னையே நொந்து கொண்டார்.

அவர் கண்டிப்பு மட்டும் காட்டினார் என்பதும் சரியல்ல. பரிசும் கொடுத்தார். நோயோடு நீண்ட நாள் வாழ்ந்தவர்களுக்குப் பதக்கம் ஏற்படுத்தினார். இன்சுலின் போட்டுக் கொண்டு 25 ஆண்டு கழித்தும் கண், ரத்தக் குழாய்கள் கெடாமல் இருப்பவர்களுக்கு 1940-களின் கடைசியில் தனிப் பதக்கம் வந்தது. அதில், கடலில் படகில் போகும் ஒரு சிறுவனும் ஒரு நாயும் இருக்கிறார்கள். நாய் வளர்த்தால் தினமும் நடக்க வேண்டி வரும் என்பதால் நாய் மீது டாக்டருக்குத் தனிப் பிரியம்.

கடைசி வரை வேலை

1952-ல் அவருடைய மருத்துவக் குழு ஜோஸ்லின் கிளினிக் என்ற பெயர் பெற்றது. 1956-ல் அதற்குப் புதிய கட்டிடம் எழுந்தது. மகன் ஆலனும் டாக்டராகி அங்கேயே வேலை பார்த்தார்.

தொண்ணூறு வயதிலும் ஜோஸ்லின் ஓய்வு பெறவில்லை. நோயாளிகளைப் பார்த்தார். நூலின் அடுத்த பதிப்பைத் திருத்தினார். 1962-ம் ஆண்டு ஜனவரி 28-ந்தேதி தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 92. டால்ஸ்டாய் கட்சியுடன் நடந்த சண்டைக்கு முடிவு தெரியாமலே போனார்.

முடிவு தெரிய வேண்டும் என்றால் கருவிகள் முன்னேற வேண்டியிருந்தது. 1964-ல் ஒரு சொட்டு ரத்தத்தில் சர்க்கரையைக் காட்டும் காகிதப் பட்டை வந்தது. 1970-ல் அந்தப் பட்டையின் நிறத்தைப் படிக்கும் மீட்டர் வந்தது. பிறகு, கடந்த இரண்டு, மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியை ஒரே ரத்தப் பரிசோதனையில் காட்டும் முறையும் வந்தது. நோட்டில் நோயாளி என்ன எழுதினாலும் இந்தச் சோதனை உண்மையைச் சொல்லி விடும்.

இந்தக் கருவிகளைக் கொண்டு 1983-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் பெரிய ஆராய்ச்சி தொடங்கியது. 29 நிலையங்கள், 1,441 நோயாளிகள். எல்லோரும் இன்சுலின் போட்டே தீர வேண்டியவர்கள். ஜோஸ்லின் பெயர் தாங்கிய பாஸ்டன் நிலையமும் அதில் ஒன்று. ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றவர்களுக்குக் கடுமையான கட்டுப்பாடு: தினமும் மூன்று ஊசிக்குக் குறையாமல், அல்லது இன்சுலின் பம்ப், நாலு தடவை ரத்தச் சோதனை, மாதா மாதம் நிலையத்துக்கு வருகை, இடையில் நர்சிடம் இருந்து டெலிபோன்.

1993-ல் முடிவு வெளியாயிற்று. கட்டுப்பாடாக இருந்தவர்களுக்குக் கண் நோய் புதிதாக வரும் ஆபத்து நூற்றுக்கு 76 பங்கு குறைந்திருந்தது. சிறுநீரகமும் நரம்பும் கெடுவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஆனால் சர்க்கரை திடீரென இறங்கி விழும் ஆபத்து மூன்று மடங்கு ஆயிற்று. ஜோஸ்லின் இறந்து 31 ஆண்டுகளுக்குப் பிறகு வழக்கு அவர் பக்கம் தீர்ந்தது.

இன்று கையில் ஒட்டிக் கொள்ளும் சிறு வில்லை, சில நிமிடத்துக்கு ஒரு தடவை சர்க்கரையை அளந்து டெலிபோனுக்கு அனுப்புகிறது. பேரேடு தானே எழுதிக் கொள்கிறது.

அவரது வழக்கில் இன்னொரு பகுதியும் பின்னால் விசாரணைக்கு வந்தது. இன்சுலின் போட்டு 50 ஆண்டு கடந்தவர்களுக்கு அந்த நிலையம் 1970 முதல் பதக்கம் கொடுத்து வருகிறது. அந்தப் பதக்கக்காரர்களையே பிற்காலத்தில் ஆராய்ந்தார்கள். பலருடைய கணையத்தில் இன்னும் சிறிதளவு இன்சுலின் ஊறுவது தெரிந்தது. அவர்களுக்குள்ளே ஒப்பிட்டுப் பார்த்தால், கண் கெட்டவருக்கும் கெடாதவருக்கும் சர்க்கரைக் கட்டுப்பாட்டில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒழுங்கு மட்டும் அல்ல, உடம்பு வாகும் அவர்களைக் காத்திருக்கிறது. கண் இழந்தவர்களைக் குற்றவாளியாக நிறுத்தியது சரியல்ல என்று இதற்குப் பொருள்.

1995-ல் அதே நிலையத்தைச் சேர்ந்த மனநல ஆராய்ச்சியாளர்கள் 20 கேள்விகள் கொண்ட ஒரு தாளைத் தயாரித்தார்கள். எடை எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்ற கேள்விகள் அதில் இல்லை. பின்னால் என்ன ஆகுமோ என்று கவலையாக இருக்கிறதா, உணவு பற்றிய நினைப்பு ஓயாமல் வருகிறதா, பத்தியம் தவறும்போது குற்ற உணர்ச்சி வாட்டுகிறதா, தினமும் இந்த நோயைக் கவனித்துச் சலித்துப் போய் விட்டதா என்று அது நோயாளியைக் கேட்கிறது. இன்று பல மொழிகளில் அந்தத் தாள் பயன்படுகிறது.